ரேகன்ஸ்புர்க் ஒரு நாள் பயணம்: ஐந்து பேர், ஒரு குழந்தை. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

இசார்க்கரை:
மியூனிக்கிலிருந்து காலையில் கிளம்பி, டான்யூப் கரையில் உள்ள ரேகன்ஸ்புர்க் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பத் திட்டம். பெரியவர்கள் ஐந்து பேர், தள்ளுவண்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. ஐவரில் ஒருவரிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில், பேருந்துகளுக்கான மாதச் சீட்டு) இருக்கிறது. இருவர் சைவம். பட்டியலில் இருப்பவை: பேராலயம், கல்பாலம், துர்ன் உண்ட் டாக்சிஸ் அரண்மனை, பழைய நகரமன்றத்தில் உள்ள பேரவைக் கூடம், ஊருக்கு வெளியே குன்றில் இருக்கும் வால்ஹல்லா நினைவுக் கட்டடம்.

சனிக்கிழமை நல்லதா, ஞாயிறா? எந்த டிக்கெட் எடுப்பது? இத்தனையும் ஒரே நாளில் முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம்:
டிக்கெட் விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன், இடங்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நால்வருக்குச் சேர்த்து ஒரு பையர்ன் டிக்கெட் (பவேரியா முழுவதற்கும் செல்லும் ஒரு நாள் சீட்டு) எடுங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருப்பவரை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் அவருக்கான கூடுதல் தொகை வீண். பையர்ன் டிக்கெட்டின் விலை அமைப்பு எளிது: முதல் ஆளுக்கு ஒரு அடிப்படைத் தொகை, அடுத்த ஒவ்வொருவருக்கும் அதைவிட மிகக் குறைவான தொகை, அதிகபட்சம் ஐந்து பேர். ஆள் கூடக்கூடத் தலைக்கு ஆகும் செலவு இறங்கும். ஆறு வயதுக்குக் கீழ் குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். தள்ளுவண்டிக்கும் கட்டணம் கிடையாது.

வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். சனி, ஞாயிறு, பவேரிய அரசு விடுமுறை நாட்களில் நள்ளிரவு 12 முதலே செல்லும். முடிவு மறுநாள் அதிகாலை 3 மணி. இந்த 3 மணியை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது, டிக்கெட் செல்லுபடியாகும் என்பதற்காக அந்த நேரத்தில் ரயில் ஓடாது. மியூனிக் திரும்பும் கடைசி ரயிலையும் அதற்கு முந்தையதையும் காலையிலேயே ரயில் செயலியில் பார்த்துக் குறித்துவையுங்கள். திட்டத்தை முந்தையதற்குப் போடுங்கள், கடைசி ரயில் அவசரத்துக்கு இருக்கட்டும்.

ஆட்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் மூன்று.

பெயர். பயணிகள் அனைவரின் பெயரும் டிக்கெட்டில் இருக்க வேண்டும். இயந்திரத்தில் எடுத்த காகித டிக்கெட்டில் பேனாவால் எழுத இடம் இருக்கும், அதை வெறுமையாக விட்டுவிட்டு ஏறுகிறவர்கள் நிறைய. வழியில் ஆள் மாற்றுவதும் கூடாது. பரிசோதகர் அடையாள அட்டை கேட்டால் காட்ட வேண்டும், கைபேசியில் படமாக வைத்திருப்பது போதாது.

ஐசிஇ என்னும் அதிவேக ரயில். பையர்ன் டிக்கெட்டும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் வட்டார ரயில்களுக்கு மட்டும். சாதாரண டிக்கெட்டில், சேருமிடத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் நிலை வந்தால் வேறு ரயிலில் ஏறும் உரிமை உண்டு. அந்த விதி பெருமளவு தள்ளுபடி செய்த இந்த இரண்டு டிக்கெட்டுகளுக்கும் பொருந்தாது. ‘எங்கள் ரயில் தாமதம்’ என்று சொல்லி ஐசிஇ ஏறினால் டிக்கெட் இல்லாப் பயணம்தான். அதற்கான தண்டம் குறைந்தது 60 யூரோ.

பராமரிப்பு வேலை. வார இறுதிகளில் தண்டவாள வேலை நடந்தால் ஒரு பகுதிக்கு மாற்றுப் பேருந்து விடுவார்கள். பேருந்து நிற்கும் இடம் பெரும்பாலும் நிலையத்தின் முன்வாசலில் இருக்காது, பக்கத்துத் தெருவிலோ பின்வாசலிலோ இருக்கும். தள்ளுவண்டியோடு பேருந்து மாறுவது சிரமம். பயணத்துக்கு முந்தின மாலை ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை செயலியைப் பாருங்கள்.

பயண நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி. பிராக் போகும் ரயிலிலும் வரலாம், ஆனால் அது வார இறுதியில் பெட்டி படுக்கைகளோடு நிரம்பி வழியும். அதில் பழைய வகைப் பெட்டிகள் வந்தால் வாசலில் படிக்கட்டு இருக்கும், தள்ளுவண்டியைத் தூக்கி ஏற்ற வேண்டும். தாழ்தள வண்டி ஓடும் சேவை கிடைத்தால் அதையே எடுங்கள்.

கல்தச்சன்:
பேராலயம்தான் இந்தப் பயணத்தின் முதுகெலும்பு. மற்ற எல்லாவற்றின் நேரத்தையும் அதை வைத்து நகர்த்துங்கள்.

செயின்ட் பீட்டர் பேராலயம். 1273-இல் தீ விபத்து, அதன் பிறகு ஏறத்தாழ 1275 முதல் இப்போதைய கோதிக் கட்டடம் எழத் தொடங்கியது. கோபுரங்கள் பல நூற்றாண்டுகள் மொட்டையாகவே நின்றன. 1859 முதல் 1869 வரை, பவேரியாவின் முன்னாள் அரசர் முதலாம் லுட்விக் தந்த ஊக்கத்தில், டென்ஸிங்கர் என்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில் உச்சிகள் முடிந்தன. உயரம் 105 மீட்டர். உள்ளே நடுக்கூடத்தின் உயரம் 32 மீட்டர், நீளம் 85 மீட்டர்.

கொலோனில் 533 படி ஏறுவது போல இங்கே கோபுரத்தில் ஏற முடியும் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். இந்தக் கோபுரங்கள் பார்வையாளர்களுக்குத் திறந்தவை அல்ல. உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க வேண்டுமென்றால், வெயில் காலத்தில் டிரைஐனிக்கைட்ஸ் தேவாலயத்தின் கோபுரம் இருக்கிறது. சிறு கட்டணம், குறுகிய மரப்படிகள், தள்ளுவண்டிக்கு வழியில்லை.

உள்ளே என்ன பார்ப்பது? பெரும்பாலானோர் நடுவில் நின்று மேலே பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியேறிவிடுகிறார்கள். அதைவிட வருத்தமான விஷயம் இந்த ஊரில் வேறில்லை. இப்படிச் செய்யுங்கள்:

முதலில் கண்ணாடிச் சாளரங்கள். பெரும்பாலானவை 13, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசல் கண்ணாடிகள். பீடப் பகுதி கிழக்கு நோக்கியிருப்பதால் காலை வெயிலில்தான் அங்குள்ள சிவப்பும் நீலமும் எரியும். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது ஆகும், உள்ளே நுழைந்ததும் கைபேசியை எடுக்காமல் ஒரு பெஞ்சில் உட்காருங்கள். மேற்கு முகப்பைப் படமெடுப்பது மதியத்துக்குப் பிறகு. காலையில் அது நிழலில் இருக்கும்.

பிறகு நடுவெளியின் மேற்குத் தூண்கள் இரண்டு. ஒன்றில் வானதூதர் கபிரியேல், எதிர்த்தூணில் மரியா. ஏறத்தாழ 1280-ஆம் ஆண்டு வேலை. தூதர் வாய் விரியச் சிரிக்கிறார், மரியா ஒரு கையை உயர்த்தித் திகைக்கிறார். இரண்டு சிலைக்கும் இடையில் கூடத்தின் முழு அகலம் கிடக்கிறது, செய்தி அந்த வெளியைத் தாண்டிப் போகிறது. நீங்கள் இருவருக்கும் நடுவில் நின்றால்தான் சிற்பி நினைத்தது புரியும். ஒரு தூணுக்குப் பக்கத்தில் மட்டும் நின்று படமெடுத்தால் பாதிதான் கிடைக்கும்.

வெளியேறும் முன் மேற்கு வாசலுக்கு உட்புறம் திரும்பிப் பாருங்கள். சிறு மாடங்களில் சாத்தானும் அவன் பாட்டியும் குந்தியிருக்கிறார்கள். உங்கள் குட்டிக்குப் பிடிக்கும். தெற்குப் பக்கம் ஆலயத்துக்குள்ளேயே ஒரு கிணறு உண்டு, கோதிக் வேலைப்பாடுள்ள கல் மேலமைப்போடு. அது வோல்ஃப்காங் ரோரிட்ஸரின் காலத்து வேலை. பேராலயத் தலைமைக் கொத்தனாரான அவரை, நகரக் கலகத்தில் சேர்ந்ததற்காக 1514-இல் தலையை வெட்டிக் கொன்றார்கள்.

வெளியே வந்தால் சுவரின் கற்களைக் கவனியுங்கள். வெளிறிய சுண்ணாம்புக் கல் ஒன்று, பச்சை சாயலுள்ள மணற்கல் இன்னொன்று. பச்சைக் கல் செதுக்க இலகு, ஆனால் மழைக்கும் உறைபனிக்கும் சீக்கிரம் உதிரும். அதனால்தான் எப்போது போனாலும் ஏதாவது ஒரு மூலையில் சாரம் கட்டியிருக்கும். கல் மாற்றுவதற்கென்றே ஒரு அரசுக் கொத்தர் பட்டறை ஆண்டு முழுவதும் வேலை செய்கிறது. சாரம் இருக்கிறதே என்று குறைப்பட வேண்டாம், அந்த வேலை நின்றால் கட்டடமும் நிற்காது.

பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஆகவே என் ஓட்டு சனிக்கிழமை காலைக்கு.

சுதிப்பெட்டி:
கல்தச்சன் சொன்ன மற்ற எல்லாவற்றுக்கும் உடன்படுகிறேன், கிழமைக்கு மட்டும் இல்லை. ஞாயிறு 10 மணிப் பூசைக்குப் போங்கள்.

டோம்ஸ்பாட்சன் பாடகர் குழு அந்தப் பூசையில் பாடும். அவர்களது வரலாறு ஆயர் வோல்ஃப்காங் 975-இல் தொடங்கிய பேராலயப் பள்ளியிலிருந்து வருகிறது. நூற்றாண்டுகளாகச் சிறுவர்கள் மட்டும், 2022 முதல் பெண் பிள்ளைகளுக்கும் தனிப் பாடகர் குழு உண்டு. கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துக் கேட்பதைவிட, அந்தக் குரல்கள் எந்த இடத்துக்காகப் பழக்கப்பட்டனவோ அங்கேயே கேட்பது வேறு. ஒலி 32 மீட்டர் மேலே போய் இறங்கி வரும்.

அத்தோடு தொங்கும் ஆர்கன் என்னும் குழாய் இசைக்கருவி. 2009-இல் ரீகர் நிறுவனம் கட்டியது. 80 ஸ்டாப்புகள் (தனித்தனி ஓசை வரிசைகள்), 5,871 குழாய்கள், 35 டன்னுக்கு மேல் எடை. தரையில் நிற்கவில்லை, சுவரில் சாயவுமில்லை. கூரைக்கு மேலிருந்து வரும் நான்கு எஃகுக் கம்பிகளில் தொங்குகிறது. வாசிப்பவர் லிஃப்டில் மேலே போகிறார். பழைய சுவர்களில் பாரம் ஏற்றாமலும் சாளரங்களை மறைக்காமலும் பெரிய இசைக்கருவி வைக்க அதுதான் வழியாக இருந்தது. வேலை நாளில் போனால் மௌனமாகத் தொங்கும் ஒரு பெட்டியைத்தான் பார்ப்பீர்கள்.

கவனிக்க வேண்டியவை: பள்ளி விடுமுறைக் காலத்தில் பாடகர் குழு இருக்காது. பவேரியாவில் கோடை விடுமுறை ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. பண்டிகை, பயணக் கச்சேரி நாட்களிலும் மாறும். பேராலயத்தின் வலைத்தளத்தில் அந்த ஞாயிற்றின் இசைப் பட்டியல் வரும், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 9.40-க்கு உள்ளே இருந்தால் நல்ல இடம் கிடைக்கும்.

கல்தச்சன்:
இசைக்காகப் போவதென்றால் ஞாயிறுதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவரின் நிலையைப் பாருங்கள். ஞாயிறு 9.40-க்கு ஆலயத்துக்குள் இருக்க வேண்டுமென்றால் மியூனிக்கில் ஏழரை மணிக்குள் ரயிலில் இருக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை ஒரு மணிக்கு மேல் ஓடும் பூசையில் அமைதியாக இருக்குமா? நடுவில் எழுந்து சிலை பார்க்கப் போகவும் முடியாது. பூசை முடிந்தவுடன் சுற்றிப் பார்க்கலாம் என்றால் ஞாயிறு காலை அடுத்தடுத்து வழிபாடு இருப்பதால் மதியத்துக்குப் பிறகுதான் வசதிப்படும். அதற்குள் கிழக்கு வெளிச்சம் போய்விடும்.

சுதிப்பெட்டி:
குழந்தை விஷயம் சரி. இருவர் பின்வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் மாறி மாறி உட்கார்ந்தால் சமாளிக்கலாம் என்பேன். ஆனால் ஐவரில் யாருக்கும் இசையில் நாட்டம் இல்லையென்றால் சனிக்கே போங்கள். இசை கேட்க ஒரு காரணம் இருக்கும்போது மட்டும் ஞாயிறு.

வன்னிமரம்:
வணக்கம். ஞாயிறு எண்டால் இன்னொண்டும் இருக்கு, கடையெல்லாம் பூட்டு. பேக்கரி மத்தியானம் வரைக்கும் திறந்திருக்கும், நிலையத்துக்குள்ள இருக்கிற கடைகள் திறந்திருக்கும். பிள்ளைக்குப் பால், டயப்பர் ஏதும் முடிஞ்சால் அலைய வேண்டி வரும். சனிக்கிழமை இரவு எட்டு மணி வரைக்கும் சூப்பர்மார்க்கெட் இருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேற. உங்கட பட்டியலில நொய்ஃபார் பிளாட்ஸ் எண்ட சதுக்கம் இல்லை. பேராலயத்திலயிருந்து மூண்டு, நாலு நிமிச நடை. அதைச் சேர்க்காமல் விடாதேங்கோ.

அந்த இடத்தில நடுக்காலத்தில யூதர் குடியிருப்பு இருந்தது. 1519 ஜனவரியில பேரரசர் மாக்சிமிலியன் இறந்ததும், பாதுகாப்பு இல்லாமல் போன அந்தச் சனத்தை பெப்ரவரியில நகரசபை துரத்தி விட்டது. தொழுகைக் கூடத்தை இடிச்சுப் போட்டினம். இடிக்க முதல் அதின்ர உட்புறத்தை ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர் எண்ட ஓவியர் உலோகத் தகட்டில பதிஞ்சு வைச்சார். துரத்தச் சொன்ன சபையில அவரும் இருந்தவர். கல்லறைக் கல்லுகளை எடுத்து ஊருக்குள்ள வீட்டுச் சுவருகளில பதிச்சினம், சிலது இப்பவும் கிடக்கு.

1995-இலயிருந்து 1998 வரை தோண்டினபோது வீடுகளின்ர நிலவறைகள், 624 பொற்காசுகள் எல்லாம் வெளியில வந்தது. கீழ போய்ப் பார்க்க வழிகாட்டியோட மட்டும்தான் விடுவினம், அதுவும் குறிப்பிட்ட நாளுகளில. மேல சதுக்கத்தில டானி கரவான் 2005-இல செய்த வெள்ளைக் கொங்கிறீட் தளம் இருக்கு. தொழுகைக் கூடத்தின்ர அடித்தளம் எப்பிடி இருந்ததோ அதே கோட்டில தூண் அடிகளும் படிகளும். சனம் அதில இருந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவினம், பிள்ளையள் ஏறி விளையாடுவினம். அப்பிடிப் புழங்கத்தான் அதைச் செய்தவர், நீங்களும் இருக்கலாம். இருக்க முதல் என்ன இடம் எண்டு தெரிஞ்சிருந்தால் காணும்.

பேராலயத்தின்ர தெற்குச் சுவரில யூதரை இழிவுபடுத்திற ஒரு பழைய சிற்பம் இருக்கு. அந்தக் குடியிருப்பைப் பார்த்த பக்கம் அது. பக்கத்தில விளக்கப் பலகை வைச்சிருக்கினம். உள்ள இருக்கிற சிரிக்கிற தூதரையும் வெளியில இருக்கிற இதையும் சேர்த்துத்தான் அந்தக் கட்டடம்.

கல்தச்சன்:
நான் விட்டதை நிரப்பியதற்கு நன்றி அக்கா. சேர்த்துப் பார்க்க வேண்டியவைதான்.

அடுப்படி:
சாப்பாடு. பாலத்தடியில் இருக்கும் பழைய தொத்திறைச்சிக் கடையைத்தான் எல்லாப் பட்டியலும் முதலில் சொல்லும். கரி அடுப்பில் சுட்ட சிறு தொத்திறைச்சி, சவர்கிரௌட் (புளிக்கவைத்த முட்டைக்கோஸ்), இனிப்புக் கடுகு. ஆறு, எட்டு, பத்து என்று எண்ணிக்கையில் கேட்க வேண்டும். பன்றி இறைச்சி என்பதை நினைவில் வையுங்கள். வெயிலான சனிக்கிழமை 12 மணிக்குப் போனால் நீண்ட வரிசை, 11-க்கோ 3-க்கோ போனால் மேசை கிடைக்கும்.

சைவர்களுக்கு அங்கே அதிகம் இல்லை. சவர்கிரௌட் சைவம் என்று எண்ணிச் சாப்பிடாதீர்கள், பல சமையலறைகளில் பன்றிக் கொழுப்போடுதான் வேக வைப்பார்கள். உருளைக்கிழங்கு சூப்பிலும் ஷ்பெக் என்னும் உப்பிட்ட பன்றித் துண்டு கிடக்கும், இல்லாவிட்டால் எலும்புச் சாறு அடியில் இருக்கும். பச்சைக் காய் சாலட்டின் மேலேயே ஷ்பெக் தூவி வரும். ‘வெகெட்டாரிஷ்’ என்று மட்டும் கேட்டால் சிலர் மீனைக் காட்டுவார்கள். ‘ஓனே ஃப்ளைஷ், ஓனே ஃபிஷ், ஓனே ஷ்பெக்’ (இறைச்சி, மீன், ஷ்பெக் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள், சூப்புக்கு ‘கெமூஸெப்ரூயே?’ (காய்கறிச் சாறா?) என்று கேளுங்கள்.

நம்பிக் கேட்கக்கூடியவை: கேஸ்ஷ்பெட்ஸ்லே (பாலாடைக்கட்டி உருக்கிய மாவுத் துணுக்குகள், மேலே பொரித்த வெங்காயம்), காளான் கிரீம் குழம்போடு ரொட்டி உருண்டை, ஒபாட்ஸ்டாவும் (வெண்ணெயோடு பிசைந்த மென்பாலாடைக்கட்டி) பிரெட்சல் ரொட்டியும். குழந்தைக்குக் குழம்பில்லாத ஷ்பெட்ஸ்லே கேட்டால் தருவார்கள். பால்பொருள், முட்டை இரண்டும் தவிர்ப்பவர்களுக்கு இவை எதுவும் ஆகாது, அப்படியானால் பழைய நகரத் தெருக்களில் உள்ள ஆசிய, அரபு உணவகங்களைத் தேடுங்கள்.

ஐந்து பேருக்கு மேசை வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் சொல்லி வையுங்கள், 11.45-க்குக் கேளுங்கள். பல உணவகங்களில் 2 மணி முதல் 5 மணி வரை சமையலறை அடைத்துவிடும், 2.15-க்குப் போனால் கேக்கும் காப்பியும்தான். ‘ஷ்டாம்டிஷ்’ என்ற பலகை வைத்த மேசையில் உட்கார வேண்டாம், அது ஊர்க்காரர்களின் வாடிக்கை மேசை. குழாய்த் தண்ணீர் கேட்காமல் வராது, கேட்டாலும் காசு கேட்கலாம். ரொக்கம் வைத்திருங்கள். பணம் கட்டும்போது ‘ட்சுசாமன் ஓடர் கெட்ரென்ட்?’ என்பார்கள், சேர்த்தா தனித்தனியா என்பது கேள்வி. தனித்தனி என்பது அங்கே சாதாரணம், கூச்சப்பட வேண்டாம்.

பாட்டில்களை எறியாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம், கடையில் திரும்பக் கிடைக்கும்.

வழிப்போக்கன்:
வால்ஹல்லா பற்றி யாரும் பேசவில்லையே. அதை விட்டால் இந்தப் பயணம் குறை. லியோ வான் கிளென்ட்ஸே வரைந்தது, 1830-இல் தொடங்கி 1842-இல் திறந்தது. பார்த்தெனானை ஒத்த டோரிக் கோயில், டான்யூபுக்கு மேல் குன்றில். உள்ளே ஜெர்மன் மொழி உலகின் பெரியவர்கள் என்று கருதப்பட்டவர்களின் பளிங்கு மார்பளவுச் சிலைகள். 2003-இல் நாஜி எதிர்ப்பாளர் சோஃபி ஷோல், 2010-இல் கவிஞர் ஹைனே, 2019-இல் ஓவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்ஸ் சேர்ந்தார்கள். யாரை எப்போது சேர்த்தார்கள் என்று பார்த்தாலே ஒரு நாட்டின் மனம் எப்படி மாறியது என்று தெரியும்.

பாலத்துக்குப் பக்கத்துப் படகுத்துறையிலிருந்து ஏப்ரல் முதல் அக்டோபர் வரை படகு போகும். போக முக்கால் மணி, மேலே ஒரு மணிக்கு மேல், திரும்ப எதிர்நீரில் இன்னும் சற்று அதிகம்.

தண்டவாளம்:
அதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். உங்கள் கணக்கைக் கூட்டுங்கள்: படகுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் மூன்றரை மணி. காலை 10-க்கு வந்து மாலை 7-க்குத் திரும்புகிறவரின் ஒன்பது மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். படகு பையர்ன் டிக்கெட்டில் அடங்காது, தனிக் கட்டணம். நாளுக்கு ஓடுவதோ சில படகுகள்தான், ஒன்றைத் தவறவிட்டால் நாள் கலைந்துவிடும்.

ஆற்றங்கரையிலிருந்து 358 படிகள். தள்ளுவண்டியோடு அதில் ஏற நினைக்காதீர்கள். பேருந்தில் போனால் டிக்கெட் செல்லும், நிலையத்துக்குப் பக்கத்து ஆல்பர்ட் தெருவிலிருந்து டோனௌஷ்டௌஃப் போகும் பேருந்து. ஆனால் வார இறுதியில் இடைவெளி அதிகம், இறங்கியபின் மேட்டில் நடக்க வேண்டும்.

வழிப்போக்கன்:
குழந்தையோடு படி சிரமம், ஏற்கிறேன். கைக்குழந்தைப் பையில் முதுகில் சுமக்க முடிந்தால் மட்டும் சேருங்கள். இரண்டாம் முறை வருகிறவர்களுக்கு மிச்சம் வைப்பதானால் வால்ஹல்லாவை வையுங்கள், அதற்கு அரை நாள் தனியாக வேண்டும்.

இசார்க்கரை:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை என்று முடிவு செய்துவிட்டோம், வால்ஹல்லா இல்லை. அரண்மனையும் பேரவைக் கூடமும் இரண்டும் ஆகுமா? எந்த வரிசையில் நடப்பது? தள்ளுவண்டி கற்பாதையில் ஓடுமா?

கல்தச்சன்:
இரண்டில் ஒன்று. இரண்டுமே வழிகாட்டியோடு மட்டும், குறித்த நேரத்தில் மட்டும். நேரம் குறித்த சுற்று இரண்டு வைத்தால் நடுவில் உள்ள நேரமெல்லாம் கடிகாரம் பார்ப்பதிலேயே போகும். என்னைக் கேட்டால் பேரவைக் கூடம். 1663 முதல் 1806 வரை புனித ரோமானியப் பேரரசின் நிரந்தரப் பேரவை கூடிய நகரமன்றம் அது. யார் எந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்பது படி எண்ணிக்கையில் வகுக்கப்பட்டிருந்தது, அது இன்றும் அங்கே தெரியும். கீழே விசாரணைச் சித்திரவதை அறையும் அதே சுற்றில் வரும், அதற்குள் சின்னக் குழந்தையோடு போக வேண்டாம். ஆங்கிலச் சுற்றுகள் ஜெர்மனைவிடக் குறைவு. நுழைவுச்சீட்டு அதே கட்டடத்தில் உள்ள சுற்றுலா அலுவலகத்தில் கிடைக்கும். ஊருக்குள் வந்ததும் முதல் வேலையாக அதை வாங்குங்கள், முன்பதிவு இருந்தால் இன்னும் நல்லது.

இந்த வரிசையில் நடந்தால் ஒரே வழியை இருமுறை மிதிக்க வேண்டாம். நிலையத்தின் வடக்கு வாசல், நேராக மாக்சிமிலியன் தெரு, பேராலயம் கால் மணி நடை. வழியில் டாஹௌ பிளாட்ஸில் வாகன நிறுத்தகத்துக்குள் நுழைந்து பாருங்கள், ரோமானியப் படைமுகாமின் சுவரில் ஒரு நீண்ட துண்டு அங்கே நிற்கிறது. கட்டணம் இல்லை. 10.15-க்குள் பேராலயத்தில் இருந்தால் கண்ணாடிகளுக்கு நல்ல வெளிச்சம். ஒருவர் மட்டும் அந்த நேரத்தில் நகரமன்றம் போய்ச் சீட்டு வாங்கட்டும், ஐந்து நிமிட நடைதான்.

11.30-க்கு பேராலயத்தின் வடக்குப் பக்கம் இறங்கினால் போர்ட்டா பிரெடோரியா. கி.பி. 179-இல் மார்க்கஸ் ஔரேலியஸ் காலத்தில் எழுந்த முகாமின் வடக்கு வாசல், பின்னால் வந்த கட்டடத்தின் சுவருக்குள் பதிந்து நிற்கிறது. ஆல்ப்ஸுக்கு வடக்கே இன்னும் எழுந்து நிற்கும் ரோமானிய வாசல்களில் ட்ரியரில் உள்ளதும் இதுவும்தான் பேர்பெற்றவை. பிறகு சாப்பாடு. சாப்பிட்டுக் கல்பாலம் கடந்து மறுகரையில் உள்ள ஷ்டட்டாம்ஹோஃப் வரை போய், திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் நில்லுங்கள், பேராலயத்தின் இரட்டைக் கோபுரமும் உப்புக் கிடங்கும் ஒரே சட்டத்தில் விழும் இடம் அது. மதிய வெயில் உங்கள் வலப்பக்கம் இருக்கும். அதன் பின் பேரவைச் சுற்று, கடைசியில் நொய்ஃபார் பிளாட்ஸ், அங்கிருந்து நிலையம் பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

வன்னிமரம்:
தள்ளுவண்டிக்குப் பெரிய சில்லு இருந்தால் பிரச்சினை இல்லை. மடக்கிற சின்னச் சில்லு வண்டி பழைய தெருக் கல்லுகளுக்கு இடையில மாட்டும். பாலம் 2018-இல திருத்தி முடிச்சது, தட்டையான கல்லுத்தான், வடிவா ஓடும். கார், பஸ் ஒண்டும் பாலத்தில விடுறதில்லை, ஆனால் சைக்கிள் வேகமா வரும், பிள்ளையை இறக்கி விட்டால் ஓரமாப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

வழிப்போக்கன்:
பாலத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்களே, பாலம் கட்டியவரும் பேராலயம் கட்டியவரும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் வைத்தார்கள், பாலக்காரர் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டு வென்றார் என்று. பாலத்தின் மேல் உட்கார்ந்து கண்ணுக்கு மேல் கை வைத்துப் பேராலயத்தைப் பார்க்கும் சிறு உருவம் அதற்குத்தானே?

கல்தச்சன்:
அந்தக் கதையோடு சேர்த்துத்தான் அந்த உருவத்தைச் சொல்வார்கள், இப்போதுள்ளது 1854-ஆம் ஆண்டுச் சிலை. ஆனால் பாலம் 1135-இல் தொடங்கி 1146-இல் முடிந்தது. இப்போதைய பேராலயம் அதற்கு நூறாண்டுக்கு மேல் கழித்து. இருவரும் சந்தித்திருக்கவே முடியாது. உண்மை வரலாறே போதுமான அளவு பெரியது: மூன்றாம் சிலுவைப் போருக்கு 1189-இல் பேரரசர் பார்பரோசாவின் படை புறப்பட்ட ஊர் இது.

பாலத்தின் தூண் அடிகளைப் பாருங்கள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கல் திட்டு. அரிப்பிலிருந்து காக்க வைத்த அவை ஆற்றின் வழியைக் குறுக்குகின்றன, நீர் இடுக்கில் பாய்ந்து மறுபக்கம் சுழிக்கிறது. கரையில் உட்கார்ந்து கால் நனைக்கலாம் போலத் தோன்றும். பாலத்துக்குக் கீழே நீரில் இறங்கவே கூடாது, நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் அந்தச் சுழல் உள்ளே இழுக்கும்.

கார்க்காரன்:
நியூரம்பெர்க் பக்கத்திலிருந்து எங்களோடு இன்னொரு குடும்பம் காரில் வருகிறது. எங்கே நிறுத்துவது?

தண்டவாளம்:
பழைய நகரத்துக்குள் காரைக் கொண்டுவர வேண்டாம். ஒருவழித் தெருக்கள், நடப்பவர்களுக்கு மட்டுமான பகுதிகள், உள்ளே உள்ள நிறுத்தகங்கள் சனிக்கிழமை 11-க்குள் நிரம்பும். நடுநகரம் மாசுக் கட்டுப்பாட்டு வலயம், முன்கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் வேண்டும். வாடகைக் கார் என்றால் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று எடுக்கும்போதே பாருங்கள். ஆற்றுக்கு வடக்கே டுல்ட் பிளாட்ஸ் பக்கம் நிறுத்திவிட்டு ஷ்டட்டாம்ஹோஃப் வழியாகப் பாலம் கடந்து நடந்தால் ஊருக்குள் நுழைவதே அழகாக இருக்கும். மே மாதமும் ஆகஸ்ட் கடைசியிலும் அங்கே டுல்ட் திருவிழா நடக்கும், அப்போது அந்த இடம் கிடைக்காது.

ஆற்றில் வெள்ளம் என்று செய்தி வந்தால் கரையோர நிறுத்தங்களை முதலில் மூடுவார்கள், படகும் நிற்கும், பாலத்தடி உணவுக்கடையும் அடைக்கும். 2013 ஜூன் வெள்ளத்தின் அளவு அந்தக் கடைச் சுவரில் குறிக்கப்பட்டிருக்கிறது. கிளம்பும் முன் பவேரிய வெள்ள எச்சரிக்கைப் பக்கத்தில் ரேகன்ஸ்புர்க் இரும்புப் பால அளவுமானியைப் பாருங்கள். பேராலயமும் நொய்ஃபார் பிளாட்ஸும் மேட்டில் இருப்பதால் அவற்றுக்குத் தடை வராது. மேற்சொன்ன வரிசையில் பாலத்தையும் சாப்பாட்டு இடத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.